சலூன்காரரின் இடைப்படங்கள்

சலூன்காரரின் வலது கை, மேசையிலிருந்து வாய்க்கு டீ டம்ளரைக் கொண்டுபோகும் வழியில் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்கு. டம்ளர் மேசையில் இருந்தது, கை அதைப் பிடித்திருந்தது. அடுத்து டம்ளர் உதட்டில் இருந்தது, கை அங்கேயும் அதைப் பிடித்திருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. டீ ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அப்போது கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒருவர் முகத்தில் ஈரத்துண்டு கிடந்ததால் அவர் எதையும் பார்க்கவில்லை, இன்னொருவர் செய்தித்தாளில் வரன் விளம்பரம் படித்துக்கொண்டிருந்தார். பார்த்தது ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சலூன்காரரின் மனைவி மட்டும்தான். வழக்கமான நாளாக இருந்தால் அவளும் பார்த்திருக்க மாட்டாள். பென்சில் முனை உடைந்துபோய், அதைச் சீவிக்கொண்டே சும்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததால் கண்ணில் பட்டது.

“என்னங்க, டீயை இன்னொரு தரம் குடிங்க” என்றாள்.

“ஏன், முதல் தரம் குடிச்சதுல என்ன குறை?” என்று கேட்டுக்கொண்டே அவர் குடித்தார். மேசை, உதடு. மேசை, உதடு. நான்கு தடவை பார்த்துவிட்டு அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

அவள் தொழில் படம் வரைவது. பள்ளிப் பாடப் புத்தகங்கள், முதலுதவிக் கையேடுகள், மின்விசிறிப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற விளக்கத்தாள்கள் எல்லாவற்றுக்கும் அச்சகத்திலிருந்து அவளிடம்தான் வருவார்கள். முழங்கையை மடக்கவும் என்று எழுதியிருந்தால் மடக்கிய முழங்கை, நீட்டவும் என்றால் நீட்டிய முழங்கை. மடக்கியதற்கும் நீட்டியதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று எந்த அச்சகமும் கேட்டதில்லை. கை பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று தினமும் முப்பது வேகப்படங்கள் வரைவாள். சின்ன நோட்டில் பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்கு அரை நிமிஷம், அழிக்கக் கூடாது, நன்றாக வராவிட்டாலும் கிழிக்கக் கூடாது. இதற்கு ஓர் ஆள் தேவை, அதுவும் தினமும் அதே ஆள். கல்யாணமான இரண்டாவது வாரமே கடைக்குள் ஒரு மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். அவர் கத்தரியைப் பிடிப்பார், சவரக்கத்தியைத் தீட்டுவார், கழுத்தில் துணி கட்டுவார், அவள் நிமிர்ந்து பார்ப்பாள், குனிந்து வரைவாள். மூன்று நாளைக்கு ஒரு நோட்டு என்ற கணக்கில் பதினோரு வருஷம் இது நடந்தது. நோட்டுகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. வீட்டு மாடிப்படியின் கீழே அவற்றை அடுக்கி வைத்ததில் துடைப்பம் வைக்க இடமில்லாமல் போனது ஒன்றுதான் அதுவரை இருந்த தொந்தரவு.

டீ டம்ளர் அளவில் நின்றிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சவரக்கத்திக்கு வந்துவிட்டது. தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஒருவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது எதிர்க் கண்ணாடியில் பார்த்தார். கத்தி காதுக்குக் கீழே இருந்தது, அப்புறம் தாடையில் இருந்தது. கன்னத்தில் நுரை வழித்தெடுத்தாகிவிட்டது, ஆனால் கத்தி கன்னத்தின் வழியாக வரவில்லை. சவரம் சுத்தமாக இருந்தது, கீறல் இல்லை. அவர் எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார், மறுபடி வரவில்லை. மற்றவர்களும் அப்படித்தான் மரியாதையாக வருவதை நிறுத்தினார்கள். ஒருவர் தாடி வளர்க்க ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார், ஒருவருக்கு ஊர் மாற்றல் வந்துவிட்டதாம், இத்தனைக்கும் அவர் சொந்தமாக இரும்புக்கடை வைத்திருப்பவர். வழி தெரியாத கத்தியிடம் எவன் கழுத்தைக் கொடுப்பான், கொடுக்க மாட்டான்.

நரம்பு மருத்துவரிடம் போனார்கள். அவர் மூக்கைத் தொடச் சொன்னார், பட்டன் போடச் சொன்னார், தாளை எட்டாக மடிக்கச் சொன்னார். கை எல்லா இடத்திலும் ஒழுங்காகப் போய் ஒழுங்காக வந்தது. வீட்டிலும் அப்படித்தான். வாளி தூக்கினார், ஒட்டடை அடித்தார், எதிலும் இடைவெளி இல்லை. கடையில் செய்கிற காரியங்கள் மட்டும்தான் அறுந்து அறுந்து நடந்தன. அந்தக் காரியங்களை வேறு எங்கே வைத்துச் செய்தாலும் அப்படித்தான். மருத்துவர் ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார். மாடியில் குடியிருந்த சலூன்காரரின் அக்கா அந்தச் சீட்டை வாங்கிப் படித்தாள்.

“கடையில மட்டும் என்னடா இருக்கு? நாற்காலி இருக்கு, கண்ணாடி இருக்கு, உன் பொண்டாட்டி இருக்கா. நாற்காலியும் கண்ணாடியும் நாப்பது வருஷமா இருக்கு.”

“அண்ணி, சொல்ல வந்ததை நேரா சொல்லிடுங்க.”

“நேராத்தாம்மா சொல்றேன். என் தம்பியை நீ வரைஞ்சே தீத்துட்டே.”

பொறாமைப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாதபடி அது அவள் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. அன்று மத்தியானம் மாடிப்படியின் கீழிருந்து நோட்டுகளை இழுத்துப்போட்டாள். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் சரசரவென்று ஓட விட்டாள். மேசையில் டம்ளர், உதட்டில் டம்ளர். காதுக்குக் கீழே கத்தி, தாடையில் கத்தி. செவ்வாய்க்கிழமை பார்த்த அதே தாவல், அதே இடத்தில். பத்து நோட்டு ஓட்டிப் பார்த்தாள். இருபது நோட்டு ஓட்டிப் பார்த்தாள். அவரிடம் மிச்சமிருந்தவை எல்லாம் அவள் வரைந்த நிலைகள். போனவை எல்லாம் வரையாதவை. சலூன்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது அவள் நோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

“நீ என்னையேதானே பாத்துட்டு உக்காந்திருந்தே?”

“கண்ணு பேப்பர்ல இருந்துச்சு. ஒரு தரம் நிமிர்ந்து பாப்பேன். அப்புறம் குனிஞ்சு அரை நிமிஷம் வரைவேன்.”

“அந்த அரை நிமிஷம் நான் என்ன பண்ணேன்?”

“பாக்கலை.”

“பதினோரு வருஷமா?”

“பதினோரு வருஷமா.”

அவர் சிதறிக் கிடந்த நோட்டுகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். “சரி விடு. பாதியாவது பாத்திருக்கே. எங்கக்கா அவ புருஷனை அதுகூடப் பாக்கலை” என்றார்.

விட்டுவிடக் கூடிய விஷயமாக அது இல்லை. அந்த நகரத்தில் சலூன் உரிமத்தை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு நகராட்சி வைத்திருந்த முறை ஒன்றுதான்: சுகாதார ஆய்வாளர் நேரில் வந்து, கடை நாற்காலியில் உட்கார்ந்து, கடைக்காரர் கையால் சவரம் செய்துகொள்வார். எழுந்து போகும்போது கையெழுத்துப் போட்டால் உரிமம் உண்டு, போடாவிட்டால் பூட்டு. ஆய்வாளர் வருவதற்கு நான்கு மாதம் இருந்தது. சலூன்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது, வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

இரண்டு தெரு தள்ளி விளம்பரப் படம் எடுக்கிற கூடம் ஒன்று இருந்தது. அங்கே பல்பொடி விளம்பரத்தில் ஆடுகிற கடைவாய்ப்பல்லைக் கையால் வரைந்துகொண்டிருந்தவள், இருபத்தாறு வயதுப் பெண். சலூன்காரர் அவளைப் பல்லு என்றே கூப்பிட்டார், அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. மனைவி நான்கு நோட்டுகளை எடுத்துப்போய் அவள் முன்னால் வைத்தாள். பல்லு ஒன்றை ஓட்டிப் பார்த்தாள்.

“நல்லா வரைஞ்சிருக்கீங்கக்கா. அதான் வினையே. ஒவ்வொண்ணும் தனியா நிக்குது, ஒண்ணுக்கும் இன்னொண்ணு மேல அக்கறையே இல்லை.”

“கத்துக்கலாமா?”

“கத்துக்கலாம். கர்வத்தை வெளிய கழட்டி வச்சுட்டு வந்தா சீக்கிரம் கத்துக்கலாம்.”

அவள் கற்றுக்கொண்டாள். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடிப் பலகை, கீழ் விளிம்பில் இரண்டு முளை, அந்த முளையில் மாட்டும்படி துளையிட்ட தாள்கள். அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் முதலில் வரைய வேண்டும், அவை தலைப்படங்கள். அவை இரண்டையும் அடியில் வைத்து, விளக்கொளியில் தெரிகிற இரண்டு கோடுகளுக்கும் நடுவே புதுத் தாளில் மூன்றாவது கோட்டைப் போட வேண்டும், அது இடைப்படம். இடது கையின் விரல் இடுக்குகளில் தாள்களைச் செருகிக்கொண்டு முன்னும் பின்னுமாக மடக்கிப் பார்த்துக்கொண்டே வலது கையால் வரைய வேண்டும். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம். வேகப்படத்துக்குப் பழகிய கை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டு எழுந்து நின்றது, அதை உட்கார வைக்கவே இரண்டு வாரம் ஆனது. முதல் நாற்பது நாள் பந்து மட்டும்தான். பந்து விழுந்தது, எழும்பியது, விழுந்தது. முதலில் அம்மிக்கல்லைப் போல விழுந்ததென்று பல்லு சிரித்தாள். பிறகு ரப்பர்ப் பந்து போல விழுந்தது. பிறகு, ஒரு வியாழக்கிழமை, யார் பார்த்தாலும் அடுத்து எங்கே விழும் என்று கை நீட்டத் தோன்றுகிற பந்தாக விழுந்தது. “இப்போ உங்க வீட்டுக்காரருக்கு வாங்க” என்றாள் பல்லு.

ஒரு சவரத்தில் இருபத்து மூன்று அசைவு என்று கணக்கெடுத்தார்கள். முதலில் காதிலிருந்து தாடைக்கு. மனைவி பன்னிரண்டு இடைப்படம் வரைந்து, பல்லுவோடு கடைக்குக் கொண்டுபோய், அவர் கண் முன்னால் ஒரு முறை சரசரவென்று புரட்டிக் காட்டினாள். ஒரு முறை காட்டினால் போதும், கை அதைப் பிடித்துக்கொண்டது. புதிதாகக் கத்தி பிடிக்கிறவர்கள் பலூனில் நுரை தடவி வழித்துப் பழகுவது அந்தத் தொழிலில் வழக்கம். சலூன்காரரும் முப்பது வருஷத்துக்குப் பிறகு பலூன் ஊதினார். நுரை தடவினார், கத்தியை வைத்தார். கை புறப்பட்டது. எல்லோருக்கும் தெரியும்படி, நடுவில் எங்கும் அறாமல் புறப்பட்டு, பலூனின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உள்ளே புகுந்து நேராகப் போனது. பலூன் வெடித்து மூன்று பேர் முகத்திலும் நுரை அடித்தது.

“ரெண்டு கோட்டுக்கும் சரியா நடுவுலதானே போட்டேன்?” என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அளவுகோல் வச்சுப் போட்ட மாதிரி போட்டிருக்கீங்க. மனுஷ உடம்புல எதுவும் நேர்கோட்டுல போகாதுக்கா. முழங்கை ஒரு இடத்துல கட்டிப்போட்டிருக்கு, கை அதைச் சுத்தி வளைஞ்சுதான் வரணும்.”

“உள்ள இருந்தது தபால்காரர் தலையா இருந்திருந்தா?” என்றார் சலூன்காரர். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த பலூனை எடுத்து ஊத ஆரம்பித்தார்.

வளைத்து வரைந்தாள். பலூன் பிழைத்தது. ஆனால் கை தையல் இயந்திரம் மாதிரி ஒரே சீராக ஓடியது. புறப்படும்போது கை தயங்கும், நடுவில் வேகமெடுக்கும், நிற்பதற்கு முன்னால் மறுபடி தயங்கும், அதனால் இரண்டு முனையிலும் படங்களை நெருக்கமாகவும் நடுவில் விலக்கியும் போட வேண்டும் என்றாள் பல்லு. அதையும் செய்தாள். அப்போதும் அது யாரோ ஒரு மனிதனின் கையாகத்தான் இருந்தது. பிரச்சினை என்னவென்றால், அவர் கை உண்மையில் எப்படி வளையும், எந்த இடத்தில் தயங்கும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் குனிந்திருந்தாள். இப்போது நிமிர்ந்து பார்த்தால் அங்கே பார்க்க எதுவும் இல்லை. அவரைக் கேட்டால், “எனக்கென்ன தெரியும், கை பாட்டுக்குப் போகும்” என்றார்.

“கூடத்துல எங்களுக்குத் தெரியாத அசைவு வந்தா, கண்ணாடி முன்னால நின்னு நாங்களே செஞ்சு பாத்துப்போம். அந்தப் பல்லு ஆடற ஆட்டம் நான் ஆடின ஆட்டம்தான். இங்க கண்ணாடிக்கா பஞ்சம்?” என்றாள் பல்லு.

அதன்பின் இரண்டு மாதம், மூடிய கடையில், சலூன்காரரின் மனைவி வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு பலூனுக்குச் சவரம் செய்தாள். கண்ணாடியில் தன் கையைப் பார்ப்பாள், பலகைக்குப் போய் ஒரு படம் போடுவாள், மறுபடி வருவாள். கண்ணாடியில் வலது இடதாகத் தெரியும் என்பதை மறந்து அவள் வரைந்த ஒரு வாரத்துப் படங்களால், கத்தி அவருடைய வலது கையில் புறப்பட்டு, நடுவழியில் இடது கைக்கு மாறி, வலது கையில் வந்து நின்றது. அந்த வாரத்தைக் கிழித்துப் போட்டார்கள். வாழ்க்கையில் அவள் முதன்முதலாகக் கிழித்த படங்கள் அவைதான். நான்காவது மாதப் பாதியில் இருபத்து மூன்று அசைவும் நிறைந்தன. கை காதிலிருந்து கன்னம் வழியாக வந்தது, தாடையைச் சுற்றி வளைந்தது, துண்டில் கத்தியைத் துடைத்தது, திரும்பிப் போனது. ஒவ்வொரு தடவையும் கத்தியை வைப்பதற்கு முன்னால் சலூன்காரர் கொஞ்சம் குனிந்து பலூன் மேல் உஃப் என்று ஊதினார்.

“என்னங்க, ஏன் ஊதறீங்க?”

“நான் ஊதலை. அதுவா ஊதுது.”

மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்ற அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “அழிச்சு முடிச்சதும் பேப்பர் மேல நீதானேம்மா இப்படி ஊதுவே! தூசி கண்ணுல விழுந்து நான் கத்தலையா உன்கிட்ட? பாரு, மணிக்கட்டைத் திருப்பறதும் நீ, சுண்டு விரலைத் தூக்கறதும் நீ. என் தம்பி அங்கங்கதான் தெரியறான். நடுவுல பூரா நீதான் நிக்கிறே.”

வேகப்படத்தில்தான் அழிக்கக் கூடாதே தவிர, அச்சக வேலையில் அவள் நாளெல்லாம் அழிப்பாள், ஊதுவாள். கண்ணாடி முன்னால் நின்றபோது அதுவும் சேர்ந்து வந்திருக்கிறது, அவளுக்கே தெரியாமல் படத்துக்குள் போயிருக்கிறது. ஊதுவதை எடுத்துவிட முடியுமா என்று பல்லுவைக் கேட்டார்கள். எடுத்தால் அந்த இடத்தில் மறுபடி ஓட்டை விழும் என்றாள். சலூன்காரர் தன் கையை நீட்டி, சுண்டு விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவமானமாக இருக்கிறதா என்று மனைவி கேட்டாள். “சலூன்காரனுக்குக் கை இருந்தா சரி. யாரோட கைன்னு உரிமத்துல கேக்கறதில்லை” என்றார். அன்று முழுவதும் அந்தச் சுண்டு விரலை மடக்கியே வைத்திருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆய்வாளர் ஒரு திங்கட்கிழமை பத்தரை மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், மூன்று நாள் தாடி, கையில் நகராட்சிப் பதிவேடு. “கையைப் பத்திப் புகார் வந்திருக்கு” என்றார்.

“கையைப் பத்தியா, சவரத்தைப் பத்தியாங்க?”

“கையைப் பத்திதான். சவரத்தைப் பத்தி ஒண்ணும் இல்லை.”

“அப்போ உக்காருங்க.”

உட்கார்ந்தார். அக்கா வாசலில் நின்றாள், பல்லு சுவரோரம் நின்றாள், மனைவி ஸ்டூலில் இருந்தாள், மடியில் நோட்டு இல்லை. கை முதல் அசைவில் புறப்பட்டது. உஃப். காது, கன்னம், தாடை, துண்டு. ஊதியபோது ஆய்வாளர் ஒரு புருவத்தை மட்டும் தூக்கிவிட்டு இறக்கினார். மனைவி மனதுக்குள் அசைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ஆய்வாளர் தலையைப் பின்னால் சாய்த்தார். கத்தி தொண்டைக்கு வந்தது. இருபத்தோராவது அசைவு, கீழிருந்து மேலே, அவள் அதிகப் படங்கள் போட்டது அதற்குத்தான். கத்தி பாதி தூரம் ஏறியபோது ஆய்வாளரின் மூக்கு விரிந்தது, வாய் திறந்தது, தோள் மேலே எழும்பியது.

அந்தக் கணத்தில் அவளுக்கு ஒன்று உறைத்தது. கை பின்வாங்குகிற அசைவை அவள் வரையவே இல்லை. இருபத்து மூன்றும் சவரத்தில் உள்ளவை. யாராவது திடீரென்று அசைந்தால் கத்தியை வெடுக்கென்று எடுக்கிற அசைவு சவரக் கணக்கில் வரவில்லை, அதனால் யாரும் எண்ணவில்லை. தொண்டையில் கத்தியோடு கையை விட்டுவிட்டு, அது திரும்பி வர வழியே போடவில்லை. எழுந்து கத்துவதற்குள் ஆய்வாளர் தும்மினார். பலமான தும்மல். தலை முன்னால் வந்து, கத்தி இருந்த இடத்தைத் தாண்டி, முழங்காலுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

கத்தி அங்கே இல்லை. கையும் இல்லை. சலூன்காரரின் வெள்ளைக் கோட்டுக் கை முழங்கைக்குக் கீழே காலியாக இருந்தது. ஆய்வாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கை இருந்தது, துண்டின் மேல், கத்தியைத் துடைத்தபடி. அவளிடம் இருந்த அடுத்த படம் அதுதான்.

ஆய்வாளர் தொண்டையைத் தடவிப் பார்த்தார். விரலைப் பார்த்தார். விரலில் நுரை மட்டும் இருந்தது.

“கை எங்கய்யா போச்சு?”

“துண்டு மேல இருக்குங்க.”

“நடுவுல?”

“நடுவுல போட மறந்துட்டேங்க” என்றாள் மனைவி ஸ்டூலிலிருந்து.

அவர் அவளைப் பார்த்தார், சலூன்காரரைப் பார்த்தார், கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பாதி கழுத்து வழித்தும் பாதி வழிக்காமலும் இருந்தது. “மறந்தது மறந்ததாவே இருக்கட்டும். மிச்சத்தை முடிங்க” என்று தலையைப் பின்னால் சாய்த்தார். முடிந்ததும் பதிவேட்டை மடியில் வைத்து எழுதினார். அது இன்றும் நகராட்சி அலுவலகத்தில் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள்: சவரம் சுத்தம். கத்தி சுத்தம். துண்டு துவைத்தது. சோதனையின்போது கை சிறிது நேரம் காணப்படவில்லை, அவசியமும் ஏற்படவில்லை. உரிமம் புதுப்பிக்கப்படுகிறது.

பின்வாங்குகிற அசைவை வரைந்துவிடலாமா என்று அன்று சாயங்காலமே பல்லு கேட்டாள். வேண்டாம், அந்த ஓட்டை அப்படியே இருக்கட்டும் என்றார் சலூன்காரர். மனைவி அதற்குப் பிறகும் தினமும் ஸ்டூலில் உட்கார்ந்தாள், ஆனால் முப்பது வேகப்படம் பதினைந்தாகிவிட்டது, மிச்ச நேரம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சும்மா பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்தக் கையில் தன்னுடையது எது, அவருடையது எது என்று பிரிக்க முடியாமல் போனது, ஒன்றிரண்டு வருஷத்தில் பிரித்துப் பார்க்கிற ஆசையும் போனது. அச்சகத்துக்கு அவள் இப்போது மடக்கிய கை, நீட்டிய கை என்று இரண்டு படம் மட்டும் கொடுப்பதில்லை. நடுவில் ஒன்று சேர்த்துக் கொடுக்கிறாள், அவர்கள் இடமில்லை என்று அதை எடுத்துவிடுகிறார்கள். தபால் அலுவலகக்காரர் திரும்பி வந்தார், இரும்புக்கடைக்காரரும் ஊர் மாறாமலே திரும்பி வந்தார். கத்தி வைப்பதற்கு முன்னால் கன்னத்தில் ஊதுவது அந்தக் கடையின் வழக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள், வெயில் காலத்தில் அது நன்றாகவே இருக்கிறது என்கிறார்கள். அந்த நாற்காலியில் உட்காருகிற யாரும் தும்மல் வந்தால் அடக்குவதில்லை.